முதுமையும் சிறுநீரகமும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூவையும் லேக் மார்க்கெட்டையும் ஒட்டிய தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் பணியேற்க இளமையில் வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இந்நகரைப் பிரிய மனமின்றித் தங்கிவிட்ட முதியவர்கள் அங்கே உண்டு. மகனோ மகளோ வேலையின் பொருட்டு இங்கே குடியேறியமையால், கும்பகோணத்தையும் திருநெல்வேலியையும் விட்டு அறுபது எழுபது வயதுக்கு மேல் வந்து சேர்ந்த பெற்றோரும் உண்டு. மும்பை, தில்லி, பெங்களூரு முதலிய நகரங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே.

இத்தகைய இல்லம் ஒன்றில், வழக்கமான இரத்தப் பரிசோதனையின் முடிவு ஒருநாள் வந்து சேருகிறது. சர்க்கரை, கொழுப்பு முதலிய வரிகளுக்குக் கீழே கிரியாட்டினின் என்றொரு வரி; அதன் அடியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எழுத்துக்களும் 52 என்ற எண்ணும். அறுபதுக்குக் குறைந்தால் இயல்பன்று என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதுத் தாயார் அன்றுவரை தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார். அந்த ஓர் எண்ணைக் கண்டதும் வீடு கலங்குகிறது. “கிட்னி போய்விட்டது” என்று அடுத்த வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். பருப்பை நிறுத்து என்கிறார் ஒருவர். தண்ணீரைக் குடம் குடமாகக் குடி என்கிறார் மற்றொருவர். உண்மையில் அந்த எண் என்ன சொல்லுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இப்பேச்சில் நாம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சிறுநீரகங்கள் இரண்டு. நாட்டுப்புறத்தில் குண்டிக்காய் என்று வழங்குவதும் இதனையே. முதுகெலும்பின் இருமருங்கிலும், கடைசி விலா எலும்புகளின் மறைவில், அவரை விதையின் வடிவில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும், 150 கிராமுக்கு உட்பட்ட எடையும் உடையது. இவ்வளவு சிறிய உறுப்புக்களுக்கு இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவு வியப்புக்குரியது. உடலில் ஓடும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கும் மேல், இவ்விரண்டின் வழியே பாய்கிறது.

பாயும் இரத்தம் நுண்ணிய குழாய்ச் சுருள்களுக்குள் நுழைகிறது. இத்தாலிய அறிஞர் மால்பிகி 1666-ஆம் ஆண்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் இச்சுருள்களைக் கண்டு எழுதினார். ஆங்கில மருத்துவர் பௌமன் 1842-இல் அவற்றைச் சூழ்ந்த கிண்ணத்தை விளக்கினார். சுருளும் கிண்ணமும் அதிலிருந்து நீளும் குழலும் சேர்ந்ததே நெஃப்ரான் எனப்படும் வடிகட்டி. சிறுநீரகம் ஒன்றுக்குச் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ளன என்பர். ஆளுக்கு ஆள் இத்தொகை பெரிதும் வேறுபடும். இளமையில் இவையனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. வடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைக் குழல்கள் மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. நெல்லைக் களத்தில் கொட்டித் தூற்றி, மணியைத் திரும்பக் குதிரில் சேர்த்துப் பதரை மட்டும் விலக்குவது போன்ற வேலை இது. உப்பின் அளவு, அமிலத்தின் அளவு, இரத்த அழுத்தம், செவ்வணுக்களின் உற்பத்தி, எலும்புக்கு வேண்டிய டி உயிர்ச்சத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுதல் ஆகிய பொறுப்புக்களும் இவ்வுறுப்பினுடையனவே.

இவ்வேலை வயதுக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பதை முறையாக அளந்தவர்களுள் டேவிஸ், ஷாக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் முக்கியமானவர்கள். இருபத்து நான்கு வயது முதல் எண்பத்தொன்பது வயது வரையிலான ஆடவர் எழுபதுபேரைச் சோதித்து 1950-இல் அவர்கள் முடிவை வெளியிட்டனர். இருபதுகளில் நிமிடத்திற்கு 123 மில்லிலிட்டராக இருந்த வடிதிறன், எண்பதுகளில் 65 மில்லிலிட்டராகக் குறைந்திருந்தது. சிறுநீரகத்தின் வழியே பாயும் இரத்த நீரோட்டமும் 613-இலிருந்து 289 மில்லிலிட்டராக, பாதிக்கும் கீழே, இறங்கியிருந்தது.

இந்த முடிவைக் கொண்டு, முதுமை வந்தால் சிறுநீரகம் பாதியாகிவிடும் என்று பலகாலம் பாடம் சொன்னார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியில் ஒரு குறை உண்டு. இன்றைய இளைஞரையும் இன்றைய முதியவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டார்களே தவிர, ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவில்லை. அக்குறையைப் போக்கும் பணி பால்டிமோர் நகரில் 1958-இல் தொடங்கியது. ஷாக்கும் அவருடைய கூட்டாளிகளும் சிறுநீரக நோயில்லாத ஆடவர் 254 பேரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, 1985-இல் முடிவைக் கூறினர். சராசரியாக ஆண்டுக்கு முக்கால் மில்லிலிட்டர் வீதம் வடிதிறன் குறைகிறது என்பது உண்மையாயிற்று. ஆயினும் அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, வயது ஏறியும் வடிதிறன் குறையவே இல்லை! சராசரி என்பது ஊரார் எல்லோருக்கும் தைத்த ஒரே சட்டை. அது எவருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

உள்ளே நிகழ்வது என்ன? சிறுநீரகத்தை உறவினருக்குத் தானம் செய்ய முன்வந்த, எவ்விதத்திலும் ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 1,638 பேரின் சிறுநீரகங்களை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2017-இல் எழுதினர். பதினெட்டு முதல் இருபத்தொன்பது வயதுவரை உள்ளோரிடம் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 9,90,000 நல்ல வடிகட்டிகள் இருந்தன. எழுபது முதல் எழுபத்தைந்து வயதினரிடம் இருந்தவை 5,20,000 மட்டுமே. மற்றவை நாரேறிச் சுருங்கி, பின்னர் உருத்தெரியாமல் கரைந்துவிடுகின்றன. நோய் ஏதுமில்லாத உடலிலேயே இது நிகழ்கிறது. தலை நரைப்பதைப் போல இதுவும் காலத்தின் வேலை என்று கொள்ளலாம். அன்றாட வாழ்வுக்கு எஞ்சியவை போதும். இரண்டில் ஒன்றைத் தானமாகக் கொடுத்தவர் நெடுங்காலம் நலமாக வாழ்வதே அதற்குச் சான்று. குறைவது உபரியாக நாம் வைத்திருந்த கையிருப்பு. கையிருப்புக் குறைந்த குடும்பம் நல்ல நாளில் வித்தியாசமின்றி நடக்கும். எதிர்பாராத செலவு வரும்போதுதான் தடுமாறும். முதியவரின் சிறுநீரகமும் அவ்வாறே.

இனி அந்தப் பரிசோதனைக் காகிதத்துக்கு வருவோம். கிரியாட்டினின் என்பது தசைகள் நாள்தோறும் கழிக்கும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகம் அதனை வெளியேற்றுவதால், இரத்தத்தில் அது மிகுந்தால் வடிதிறன் குறைந்துள்ளது என்று ஊகிக்கிறார்கள். ஊகம் நல்லதுதான், ஆனால் முதுமையில் தசையும் குறைகிறது என்பதை மறக்கலாகாது. கழிவு குறைவாக உற்பத்தியாவதால், வடிகட்டி தளர்ந்தபோதும் இரத்தத்தில் அதன் அளவு உயராமலே இருக்கக்கூடும். கனடா நாட்டு மருத்துவர்களான காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் 1976-இல் இதற்கு எளியதொரு கணக்கு வகுத்தனர். 140-இலிருந்து வயதைக் கழித்து, உடலின் எடையால் பெருக்கி, கிரியாட்டினின் அளவை 72-ஆல் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். பெண்களாயின் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். முப்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஓர் இளைஞனுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் விடை 107 வருகிறது. எண்பது வயது, நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பாட்டிக்கும் அதே 1.0 இருந்தால் விடை 32 மட்டுமே! இருவர் காகிதத்திலும் கிரியாட்டினின் வரியில் இயல்பு என்றே அச்சாகியிருக்கும். இக்கால ஆய்வுக்கூடங்கள் வேறு சமன்பாடுகளைக் கையாளுகின்றன. அவை எடையைக் கேட்பதில்லை. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவரை மனத்தில் வைத்தே விடை தருகின்றன. ஆகவே மெலிந்த முதியவர்களுக்கு மருந்தின் அளவை நிர்ணயிக்கும்போது மருத்துவர்கள் பழைய கணக்கையும் போட்டுப் பார்ப்பதுண்டு. ஐயம் மிகுந்தால், தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளப்பர்.

அப்படியானால் 52 என்ற எண் நோயா, முதுமையா? இவ்விடத்தில் மருத்துவ உலகமே இரண்டுபட்டு நிற்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் வடிதிறன் அறுபதுக்குக் குறைந்திருப்பின் அதனை நாட்பட்ட சிறுநீரக நோய் என்று உலகெங்கும் வகுத்திருக்கிறார்கள். எவ்வயதினர்க்கும் ஒரே வரம்பு. இவ்வரம்பு முதியோரில் பலரை நோயாளிகளாக்கிவிடுகிறது என்றும், வயதுக்கேற்ப வரம்பைத் தாழ்த்த வேண்டும் என்றும் வல்லுநர் சிலர் வாதிக்கின்றனர். எண் குறைந்தவர்க்கு இதய நோயும் பிற இடர்களும் மிகுதியாக வருகின்றனவே, முதுமை என்று ஒதுக்கிவிடலாமா என்பது மற்றவர் வாதம். நம் கருத்தில், வீட்டிலுள்ளோருக்கு இவ்வழக்கின் தீர்ப்பைவிட வேறு இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்பது. வெறும் முதுமையில் அது பெரும்பாலும் ஒழுகுவதில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வடிகட்டியைச் சிதைக்கும்போதே ஒழுகுகிறது. இச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிது; ஆனால் செய்துகொள்வோர் குறைவு. மற்றொன்று, எண் எவ்வேகத்தில் இறங்குகிறது என்பது. மூன்றாண்டுகளாக 54, 53, 52 என்று நிற்பதும், சென்ற ஆண்டு 75 ஆக இருந்து இவ்வாண்டு 52 ஆவதும் ஒன்றாகா.

வடிப்பது ஒரு தொழில் எனில், நீரைச் சேமிப்பது மற்றொரு தொழில். முதுமை இதனையும் தளர்த்துகிறது. அன்றாட வாழ்வில் வீட்டார் முதலில் காண்பதும் இதனையே. பன்னிரண்டு மணி நேரம் நீர் அருந்தாமல் இருக்கச் செய்து சிறுநீரின் அடர்த்தியை அளந்தபோது, இளைஞரின் சிறுநீர் 1,109 என்ற அளவுக்கு அடர்ந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுடையது 882-உடன் நின்றுவிட்டது. இது 1976-இல் வெளியான ஆராய்ச்சி. உப்பைச் சேமிப்பதிலும் அதே தளர்ச்சி. உணவில் உப்பைத் திடீரென்று குறைத்தால், சிறுநீரில் வெளியேறும் உப்பைப் பாதியாக்க இளைஞரின் சிறுநீரகத்துக்கு 18 மணி நேரம் ஆகிறது. முதியவருடையதற்கு 31 மணி நேரம். அதாவது, உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதும் முதியவர் நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருப்பார்.

இழப்பதைத் தாகம் ஈடுசெய்யும் என்று எண்ணலாம். 1984-இல் ஆங்கில மருத்துவர்கள் செய்த சோதனை அந்த நம்பிக்கையையும் குலைத்தது. முதிய ஆடவர் எழுவரும் இளைஞர் எழுவரும் ஒரு முழு நாள் நீரின்றி இருந்தனர். பின்னர் வேண்டிய மட்டும் நீர் அருந்தலாம் என்றபோது, உடலில் நீர் மிகவும் குறைந்திருந்தும் முதியவர்கள் தாகம் இல்லை என்றனர், குறைவாகவே குடித்தனர். ஆகவே “தாகமாக இருக்கிறதா, அம்மா?” என்று கேட்டு, “இல்லை” என்ற விடையோடு அமைவது போதாது. குவளையைக் கையில் கொடுப்பதே உதவி.

இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பதும் இதனோடு தொடர்புடையது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்பின் தாளம் முதுமையில் தவறுவதால், பகலில் வெளியேற வேண்டியது இரவில் வெளியேறுகிறது. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குவதும் காரணமாகலாம், நீரிழிவும் காரணமாகலாம். பலர் இதற்கு அஞ்சி மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு வாய் நீரும் பருகுவதில்லை. படுக்கைக்குச் சற்று முன் குறைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பங்கைக் காலையிலும் நண்பகலிலும் அருந்தியிருக்க வேண்டும்.

கொல்கத்தாவின் கோடை இவ்விடத்தில் தனியே பேசத்தக்கது. சென்னையும் வெயிலுக்குப் பெயர் பெற்ற ஊர்தான் என்று நம்மவர் அலட்சியமாகச் சொல்வதுண்டு. வங்கத்துச் சித்திரை வைகாசியில் காற்றிலுள்ள ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை; உடல் குளிர்வதில்லை; ஆகவே மேலும் வியர்க்கிறது. இப்பருவத்தின் இறுதியில்தான் நீரும் அருந்தா விரதமான நிர்ஜல ஏகாதசியும் வருகிறது. முன்னாளில் வங்கத்து விதவைகள் ஒவ்வோர் ஏகாதசிக்கும் நீரின்றியே இருந்தனர். நம் குடும்பத்து மூதாட்டியரிலும் அவ்வாறு இருப்போர் உண்டு. விரதத்தை நாம் குறை கூறவில்லை. நீர் பிரியச் செய்யும் மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, அன்று முழுதும் நீரின்றி இருப்பதன் விளைவை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இழப்பைக் கூட்டவும் வரவை நிறுத்தவும் ஒரே நாளில் ஏற்பாடு செய்தாயிற்று! விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேட்பதும், துளசி நீரோ மோரோ அருந்த இசைவிக்கப் பார்ப்பதும் வீட்டாரின் கடமை.

விரதமில்லாத நாளிலும் இதே நிலை நேரும் இடம் ஒன்றுண்டு. அதுவே ரயில் வண்டி. ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியில் கழிகின்றன. ஆடும் வண்டியில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி, வயது முதிர்ந்த பெண்கள் புறப்படும் முன்பிருந்தே நீரைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஊர் சேர்ந்ததும் தலைசுற்றலும் களைப்பும் வர, பயணத்தின் அலுப்பு என்று அதற்குப் பெயரிடுகிறோம். கழிப்பறைக்கு அருகிலுள்ள கீழ்ப்படுக்கையைக் கேட்டுப் பெறுவதும், துணைக்கு ஒருவர் கைப்பிடித்துச் செல்வதும் மருந்தைவிடப் பயன் தரும்.

வயிற்றுப்போக்குக் கண்டால் இவ்வாபத்து மணிக்கணக்கில் முற்றும். இதனை உலகுக்கு உணர்த்தியதில் கொல்கத்தாவுக்குத் தனிச்சிறப்பு உண்டு. வாந்திபேதி இந்நகரைப் பலகாலம் வாட்டியது. இந்நோயில் உயிரிழந்தோரின் சிறுநீரகங்கள் எவ்வாறு சிதைந்துபோயின என்பதைக் கல்கத்தாவின் நோயியல் அறிஞர் சம்புநாத் டே 1954-இல் விளக்கினார். 1959-இல் அந்நோய்க்குக் காரணமான நச்சுப்பொருளையும் அவரே கண்டறிந்தார். நீர் வற்றியதும் உடல் தன் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கி, சிறுநீரகத்தின் பங்கை வெட்டிவிடுகிறது. பட்டினி கிடக்கும் திசு மடிகிறது. இதே நகரில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுகோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து நோயாளிகளைக் காத்ததை 1953-இல் எழுதினார். அப்போது அதனைக் கவனித்தவர் சிலரே. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவுக்கு அகதிகள் திரண்டு வந்தனர். வாந்திபேதியும் உடன் வந்தது. நரம்புவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோசும், மூன்றரைக் கிராம் உப்பும், இரண்டரைக் கிராம் சமையல் சோடாவும் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு இருபது முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. 2022-இல் மறைந்த அவருக்கு, மறுஆண்டு பத்மவிபூஷண் விருது அளிக்கப்பட்டது. இன்று மருந்துக் கடைகளில் உறையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். தூள் அந்த வழியில் வந்ததே. அளவுகள் மட்டும் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. உறையில் கூறியுள்ள அளவு நீரில் உறை முழுவதையும் கரைக்க வேண்டும். அரை உறை, கால் உறை என்று பிரிப்பது தவறு. இதயம் தளர்ந்தவர்களும், சிறுநீரகம் முன்பே பழுதுற்றவர்களும் மருத்துவரின் சொற்படியே அதனை அருந்த வேண்டும்.

நீர் நல்லது என்றவுடன் அளவின்றிப் பருகலாம் என்பதும் பிழையே. முதியவரின் சிறுநீரகம் மிகுந்த நீரை விரைவில் வெளியேற்றவும் இயலாதது. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, மனக்குழப்பமும் தள்ளாட்டமும் வரும். புத்தி தடுமாறிவிட்டது என்று வீட்டார் தவறாக எண்ணுவர். தடையேதும் கூறப்படாத முதியவர், தம் சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருக்குமாறு அருந்தினால் போதுமானது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். தடுக்கக்கூடிய தீங்கு மிகுதியும் இங்கேதான் இருக்கிறது. காவிரிப் பாசனம் அறிந்த நேயர்களுக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். வடிகட்டிச் சுருளை ஒரு வயலாகக் கொள்ளுங்கள். இரத்தம் மேல்மடை வழியே உள்ளே வருகிறது. கீழ்மடை வழியே வெளியேறுகிறது. ஆற்றில் நீர் குறைந்தால் உடல் மேல்மடையை அகலத் திறந்து, கீழ்மடையை இறுக்கி, வயலில் நீர்மட்டத்தைக் காக்கிறது. மூட்டுவலிக்காகக் கடையில் நாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் மேல்மடையைத் திறக்கவிடாமல் தடுக்கின்றன. இரத்த அழுத்தத்துக்குரிய மாத்திரைகளுள் எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை கீழ்மடையைத் தளர்த்துகின்றன. நீர் பிரிக்கும் மாத்திரை ஆற்றையே வற்றச் செய்கிறது. மூன்றும் ஒரு முதியவர் வயிற்றில் சேர்ந்து, மேலும் வயிற்றுப்போக்கும் கண்டால், வயல் காய்ந்துவிடும். இரண்டொரு நாளில் சிறுநீரகம் அறவே நின்றுபோவதும் உண்டு.

இதைக் கேட்டு, அழுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நீரிழிவுடையோரின் சிறுநீரகத்தை நெடுங்காலம் காப்பதும் அதே மாத்திரைதான். வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் காணும் நாட்களில் எதனைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று, உடல் நலமாயிருக்கும்போதே மருத்துவரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்வது. நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மின், இதயத்துக்குரிய டிகாக்சின் முதலியவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவன. வடிதிறன் குறைந்தவர்க்கு அவற்றின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ நேரும். ஊரிலிருந்து வரவழைக்கும் பஸ்பமும் லேகியமும் இருப்பின், அதனையும் மறைக்காமல் கூற வேண்டும். உலோகம் கலந்தவை சில சிறுநீரகத்துக்குப் பகையாகும்.

உணவில் நம்மவரின் முதற்குறை உப்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவை வெளியூரில் வாழ்வோர்க்கு ஊரின் நினைவாகவும் அமைந்துவிடுவதால், இங்கே அவற்றின் வரவு மிகுதி. அறவே விடுவது பலருக்கு ஆகாது. அளவைக் குறைப்பது ஆகும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் தூள்கள் சிலவற்றில் பொட்டாசியம் உப்பு இருப்பதால், வடிதிறன் மிகவும் குறைந்தவர்க்கு அவை ஆகா. கொல்கத்தாத் தெருவோரங்களில் டாப் என்று விற்கும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்ததே. நலமுள்ளோர்க்கு அமுதம், சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு ஆபத்து. காமராங்கா என்று வங்காளிகள் வழங்கும் நட்சத்திரப் பழத்தை, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி உண்பது இந்நகரத்தின் வழக்கம். சிறுநீரக நோயாளிகள் அதனை ஒரு துண்டும் தொடலாகாது. பழுதுற்ற சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத நச்சொன்று அதில் உள்ளது. ஓயாத விக்கலும் வலிப்பும், சிலருக்கு மரணமும் நேர்ந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. பருப்பைப் பற்றிய கேள்விக்கு விடை இது: வெறும் முதுமையால் எண் சற்றுக் குறைந்தவர் பருப்பையும் பாலையும் நிறுத்தினால், ஏற்கெனவே மெலிந்த தசை மேலும் மெலியும். புரதத்தைக் குறைப்பது மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கென்றே உரிய இடர் ஒன்றுண்டு. தந்தையாரின் பழைய பரிசோதனைக் காகிதங்கள் மயிலாடுதுறை வீட்டுப் பெட்டியில் கிடக்கும். கொல்கத்தா மருத்துவர் முன் இருப்பதோ இன்றைய ஓர் எண் மட்டுமே. இறங்கும் வேகமே முக்கியம் என்று முன்னர்க் கண்டோம். ஓர் எண்ணைக் கொண்டு வேகத்தை எவ்வாறு அறிவது? ஆகவே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி, கிரியாட்டினின், வடிதிறன், சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம், எடை, உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, பயணத்தில் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டு செல்லுங்கள். மொழியும் ஓர் இடர்தான். வங்காளத்தில் தண்ணீரைக் குடிப்பதில்லை, “சாப்பிடுகிறார்கள்”. மருத்துவர் “ஜொல் காபேன்” என்றால், நிறைய நீர் அருந்துங்கள் என்று பொருள். ஜொல்காபார் என்னும் சிற்றுண்டியைச் சொல்கிறார் என்று கொண்டு, பாட்டியார் இரண்டு சிங்காடாவை உண்டுவிடக்கூடும்! சிரிப்புக்கு இடமில்லாத செய்திகளும் இவ்வாறே தவறிப்போகின்றன. சிறுநீர் பிரிவதில் உள்ள தொல்லையைப் பேரனின் வாயால் வேற்றுமொழியில் சொல்லக் கூசி, பாட்டியார் மறைத்துவிடுவார். மகளோ மருமகளோ தனியே கேட்டறிந்து, தாளில் எழுதிக் கொடுத்தால் அக்கூச்சம் நீங்கும்.

நீர் அருந்தியும் அரைநாள் சிறுநீர் பிரியாமை, கால்களும் முகமும் வீங்குதல், படுத்தால் மூச்சுத் திணறல், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் எது கண்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி 52 என்று வந்த அந்தத் தாயாருக்கு அவசரம் ஏதுமில்லை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, மூன்று மாதம் கழித்து இரத்தத்தை மீண்டும் சோதித்து, இரண்டு எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதி மருத்துவரிடம் காட்டலாம். அதுவரை அவர் வழக்கம்போல் பருப்பும் மோரும் உண்டு, மாலையில் ஏரிக்கரையில் நடந்து வரலாம்.